அத்திம்பேரின் தீர்ப்பு

ராம்பிரசாத் ஒரு விளையாட்டைக் குப்பை என்று சொன்னால் அது குப்பைதான் என்று நம்புவதற்கு நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். பூனாவை ஒட்டிய சிஞ்ச்வடில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் அவனுக்கு வேலை. வார நாட்களில் சம்பளத்துக்காக உழைத்தான். சனிக்கிழமைகளில் தன் யூட்யூப் சேனலில் நீதி வழங்கினான்.

எல்லா விளையாட்டுகளையும் அவன் தொடுவதில்லை. முறை வைத்து ஆடும் மாயாஜால யுத்த விளையாட்டுகள் மட்டும்தான். நீங்கள் ஒரு முறை நகர்த்துவீர்கள், எதிராளி ஒரு முறை நகர்த்துவான். கோட்டை, படை, மந்திரவாதி, டிராகன். சதுரங்கக் காய்களுக்கு நாடும் பகையும் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அந்த வகையில் ‘க்ரிஃபின் கிங்ஸ் 2’தான் சிகரம் என்பது அவனுடைய கட்சி. அவன் பிளஸ் ஒன் படிக்கும்போது வந்த விளையாட்டு. திரையின் இடது பாதியில் அதை ஓடவிட்டு, வலது பாதியில் புதிதாக வந்ததை ஓடவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே போவான். கடைசியில் புதிய விளையாட்டின் அட்டைப்படத்தை அச்செடுத்துக் கையில் பிடித்துக்கொள்வான். மேஜைக்குப் பக்கத்தில் ஹவுசிங் சொசைட்டி கொடுத்த இரண்டு வாளிகள் இருக்கும். பச்சை வாளி ஓலா கச்ரா, ஈரக் குப்பை, அதாவது அழுகியது. நீல வாளி சூகா கச்ரா, உலர்ந்த குப்பை; அதாவது உயிரில்லாதது. இரண்டிலும் விழாமல் தப்பித்து அலமாரிக்குப் போன விளையாட்டுகள் மிகச் சில.

பிரேசிலில் இருந்து ஒருவன், ‘தனியாளாகச் செய்தேன், கொஞ்சம் கருணையோடு பாருங்கள்’ என்று மெயில் எழுதியிருந்தான். ராம்பிரசாத் அந்த மெயிலை வீடியோவின் தொடக்கத்திலேயே ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினான். பிறகு விளையாட்டைப் பச்சை வாளியில் போட்டான். அவனுடைய வீடியோக்களில் மிக அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

அவன் மனைவி பார்கவி ஒரு வங்கியில் அதிகாரி. அவளுடைய தம்பி ஷ்ரேயஸுக்கு முப்பது வயது. நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு போபோடியில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்துக்கொண்டு மூன்று வருடமாக ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான். கூட இருந்தது அம்ருதா என்ற மராட்டிப் பெண். படங்கள் எல்லாம் அவள் கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் லேப்டாப்போடு வந்தார்கள்.

“முடிச்சுட்டேன் அத்திம்பேர்,” என்றான் ஷ்ரேயஸ். “பேரு ‘துர்க்’. அடுத்த வாரம் ரிலீஸ். நீங்க ரிவ்யூ பண்ணணும்.”

“யோசிச்சுக்கோடா. நான் சொந்தம் பந்தம்னு பாக்க மாட்டேன்.”

“பாக்க வேண்டாம். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க நன்னா இருக்குன்னு சொன்னா நன்னா இருக்குன்னு அர்த்தம். இல்லேன்னா இல்லை.”

அம்ருதா அந்த இரண்டு வாளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராம்பிரசாத் திங்கட்கிழமை மாலை சும்மா திறந்து பார்த்தான். மழை ஓயாத சஹ்யாத்ரி மலைநாடு. பெயருக்கேற்ப எட்டுக் கோட்டைகள். மூடுபனியில் அலையும் பேய்கள். மசியால் வரைந்து தண்ணீர் தெளித்தது போன்ற படங்கள். முதல் அரைமணி நேரம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஆடினான். தன் வில்லாளிப் படை ஒன்றுக்கு ‘சிஞ்ச்வட் பாய்ஸ்’ என்று கேலியாகப் பெயர் வைத்தான். ஒரு கட்டத்தில் ஆற்றில் வெள்ளம் வந்து அந்தப் படை அக்கரையில் மாட்டிக்கொண்டது. மீட்கப் போனால் முறைகள் வீணாகும். எந்த விளையாட்டிலும் செய்வதைச் செய்தான், விட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் ஏழாவது கோட்டையைப் பிடிக்கும் தருணத்தில் பனிக்குள்ளிருந்து கொடியில்லாத ஒரு படை வந்தது. தலைவனுக்குக் கிழிந்த உடை, தாடி. பெயர், சிஞ்ச்வட் பாய்ஸ். அவர்கள் அவனோடு சண்டை போடவில்லை. அவனுடைய தலைநகரத்துக்குள் நுழைந்து கதவை உள்ளே இருந்து திறந்து எதிரியை வரவேற்றார்கள்.

ராம்பிரசாத் கத்திவிட்டான். பார்கவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

“என்ன ஆச்சு?”

“என் பசங்க வந்துட்டாடி! ஆத்துல விட்டுட்டு வந்தேனே, அவா! காட்டுல பிழைச்சுக் கிடந்து, ஞாபகம் வச்சுண்டு வந்திருக்கா பாரு!”

தோற்றதற்காக அவன் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. புதன்கிழமை ஜுரம் என்று ஆபீசுக்குப் போன் செய்துவிட்டு ஆடினான். வியாழக்கிழமையும். மூன்று முறை முடிவு வரை போனான். இருபத்தைந்து வருடமாக அவன் ஆடிய எந்த விளையாட்டிலும் படை என்பது வெறும் எண்ணிக்கைதான். நூறு பேர் போனால் நூறு வாங்கிக்கொள்ளலாம். இங்கே ஒவ்வொரு முறையும் யாரை விடுவது என்று யோசிக்கும்போது விரல் தயங்கியது. க்ரிஃபின் கிங்ஸ் இவ்வளவு தூரம் வந்ததில்லை. அதை அவன் தனக்குள் தெளிவாகவே சொல்லிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சேனலில் ‘நாளைய வழக்கு: துர்க்’ என்று அறிவித்தான். யாரோ ஒருவன் எங்கிருந்தோ அவன் கல்யாணப் போட்டோவைத் தேடி எடுத்து, பக்கத்தில் நிற்கும் பள்ளிக்கூடப் பையன் ஷ்ரேயஸின் தலையைச் சுற்றி வட்டம் போட்டு, ‘மனைவியின் தம்பி! வாளிகளுக்கு இந்த வாரம் லீவு’ என்று எழுதியிருந்தான். கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. வழக்கமாக அவனை ‘ஜட்ஜ் சாப்’ என்று அழைப்பவர்களும் அதில் இருந்தார்கள்.

அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தெட்டு வயதில் அவனும் ஒரு விளையாட்டைச் செய்யத் தொடங்கினான். ஒரு வரைபடத்தையும் ஆறு வீரர்களையும் தாண்டி அது நகரவில்லை. இந்தக் காலத்தில் யாராலும் முடியாது என்று தீர்மானித்தான். அதற்குப் பிறகு பிறந்ததுதான் சேனல். ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராலும் முடியவில்லை என்று அவன் நிரூபித்துக்கொண்டிருந்தான். இப்போது முடித்திருப்பவன், கல்யாணமான புதிதில் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, “இது என்ன கேம் அத்திம்பேர்?” என்று கேட்ட பையன்.

சனிக்கிழமை காலை கேமராவை இயக்கினான்.

“க்ரிஃபின் கிங்ஸில் ஒவ்வொரு முறையும் என் நிலை எனக்குத் தெரியும். என்னிடம் எத்தனை பேர், அவனிடம் எத்தனை பேர். தோற்றால் என் முட்டாள்தனம். இங்கே? எப்போதோ நான் மறந்துபோன ஒன்றுக்காக என்னைத் தண்டிக்கிறார்கள். இதற்குப் பெயர் வியூகம் இல்லை, நண்பர்களே. இதற்குப் பெயர் மாமியார் சண்டை.”

படங்களைப் பற்றி, “வரைந்தவர் குடை எடுத்துப்போக மறந்துவிட்டார் போல,” என்றான். மழையைப் பற்றி, “பூனாவில் ஜூலை மாதம் ஜன்னலைத் திறந்தால் இலவசமாகக் கிடைக்கும்,” என்றான். கடைசியில் அட்டைப்படத்தைக் கையில் எடுத்துக் கேமராவுக்குக் காட்டினான்.

“ஆமாம், இதைச் செய்தவன் என் மனைவியின் தம்பி. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த பையன். நல்ல பையன்.”

பச்சை வாளியில் போட்டான்.

“குடும்பத்துக்கும் வாளி இதுதான்.”

அன்று மாலைக்குள் பிரேசில்காரனின் வீடியோவை அது தாண்டிவிட்டது. கல்யாணப் போட்டோவைப் போட்டவனே வந்து மன்னிப்புக் கேட்டு, ‘சலாம், ஜட்ஜ் சாப்’ என்று எழுதினான்.

அது இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. அடுத்த அறையிலிருந்து பார்கவி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

“அந்த கேம் நன்னா இருந்துதா, இல்லையா?”

“சேனல்ல சொன்னேனே.”

“அதைக் கேக்கலை. ஜுரம்னு ரெண்டு நாள் லீவு போட்டேள். சாப்பிடக் கூப்பிட்டா இன்னும் ஒரு டர்ன், இன்னும் ஒரு டர்ன்னேள். குப்பைக்கா அது?”

“நன்னா இருக்குன்னு சொன்னா யாரு நம்புவா? மச்சினன்னு தூக்கி வச்சான்னு சொல்லுவா.”

“அப்போ நான் ரிவ்யூ பண்ணலைன்னு சொல்லியிருக்கலாமே.”

அவன் மோர் ஊற்றிக்கொண்டான்.

“நாளைக்கு அவன் வரானாம்,” என்றாள் பார்கவி. “உங்க வாயால அவன்கிட்ட உண்மையைச் சொல்லுங்கோ. ஊருக்குச் சொல்ல வேண்டாம். அவனுக்கு மட்டும் சொல்லுங்கோ. போதும்.”

ஷ்ரேயஸ் சண்டை போட வருவான் என்று ராம்பிரசாத் எதிர்பார்த்திருந்தான். வந்தவன் முகம் வெளிறியிருந்தது. ஆனால் கையில் பேனாவும் நாலைந்து தாளும் வைத்திருந்தான்.

“எங்கெல்லாம் தப்புன்னு வரிசையா சொல்லுங்கோ அத்திம்பேர். சரி பண்ணிடறேன்.”

அம்ருதா வாசல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ராம்பிரசாத்திடம் ஹிந்தியில் கேட்டாள். “சார், நீங்கள் மூன்று தடவை முடிவு வரை ஆடியிருக்கிறீர்கள். எங்கள் சர்வரில் தெரிகிறது. பிடிக்காததை யாராவது மூன்று தடவை ஆடுவார்களா?”

பார்கவி காபித் தம்ளர்களை வைத்துவிட்டு நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அந்த அறையே காத்திருந்தது.

“அம்ருதா, ப்ளீஸ்,” என்றான் ஷ்ரேயஸ். “அவர் அப்படித்தான். முழுவதும் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல மாட்டார்.”

“ஆமாம்,” என்றான் ராம்பிரசாத். “அது என் பழக்கம்.”

பிறகு அவன் சொல்லத் தொடங்கினான். சொல்லச் சொல்லச் சரளமாக வந்தது. விட்டுவிட்டுப் போன படைகள் திரும்பி வருவதை எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் எண் காட்ட வேண்டும். மழையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பெரிய மிருகம் ஒன்றும் இல்லை; ஒரு டிராகன் வேண்டும்.

“சஹ்யாத்ரி மலையில் டிராகனா?” என்றாள் அம்ருதா.

“ஜனங்கள் அதைத்தான் கேட்கிறார்கள்,” என்றான் ராம்பிரசாத்.

ஷ்ரேயஸ் எழுதிக்கொண்டே இருந்தான். பார்கவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அங்கேயே சொல்லியிருக்கலாம். தம்பிக்கும் அந்தப் பெண்ணுக்கும் முன்னால் புருஷனைப் பொய்யனாக நிறுத்த அவளுக்கு வாய் வரவில்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

‘துர்க்’ வெளியான புதிதில் அதற்குச் சில நூறு பேர் இருந்தார்கள். எண்ணிக்கை கொஞ்சம்தான், ஆனால் உயிராக இருந்தார்கள். பின்லாந்தில் ஒரு பள்ளி ஆசிரியை, கோல்ஹாபூரில் ஒரு மருந்துக் கடைக்காரர் என்று எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். தாங்கள் கைவிட்ட படைகளின் பெயர்களை ஒருவருக்கொருவர் சொல்லி வருத்தப்பட்டார்கள். அவர்கள் எழுதியதையெல்லாம் அம்ருதா ஷ்ரேயஸுக்குப் படித்துக் காட்டினாள்.

“இவர்களுக்கெல்லாம் கேம் என்றால் என்னவென்று தெரியாது,” என்றான் அவன். “அத்திம்பேருக்குத் தெரியும்.”

இரண்டு மாதம் இரவு பகல் பார்க்காமல் மாற்றினான். அந்த மாதங்களில் அவர்களுக்குள் நடந்த சண்டை கீழே பேக்கரி வரை கேட்டது. அம்ருதா கடைசியாக டிராகனை வரைந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, விளையாட்டிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். அடுத்த வாரம் பெங்களூருக்குப் போய்விட்டாள்.

மாற்றிய விளையாட்டு வெளியானபோது பழைய ஆட்கள் முதலில் அது ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். ‘எங்கள் படைகள் ஏன் திரும்பி வரவில்லை?’ என்று கேட்டார்கள். கோளாறில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்த ஆசிரியை எழுதியது நாலே வரி. இது க்ரிஃபின் கிங்ஸின் மலிவான நகல். அதை ஆட வேண்டுமென்றால் அதையே ஆடுவேன். உங்களுக்கு என்ன ஆயிற்று. யார் உங்களை இப்படிச் செய்யச் சொன்னது.

அன்று மாலை ராம்பிரசாத் தன் கணினியில் துர்க்கைத் திறந்தான். பழைய பதிப்பில் சேமித்த ஆட்டங்கள் இனி செல்லாது என்று ஒரு சிறிய பெட்டியில் செய்தி வந்தது. புதிய ஆட்டம் தொடங்கி ஒரு படையை வேண்டுமென்றே காட்டில் விட்டுவிட்டு, முறை முறையாகத் தள்ளிக்கொண்டு காத்திருந்தான். யாரும் வரவில்லை. டிராகன்தான் வந்தது.

ஷ்ரேயஸுக்குப் போன் செய்தான்.

“அந்தப் பழைய வெர்ஷன் இருக்காடா உன்கிட்ட?”

“எதுக்கு அத்திம்பேர்?”

“சும்மா. ஒப்பிட்டுப் பாக்க.”

“எங்கேயோ கிடக்கும். எனக்கு அதைத் திறக்கவே பிடிக்கலை. நினைச்சாலே அவமானமா இருக்கு. விடுங்கோ.”

தீபாவளிக்கு முன்பே ஷ்ரேயஸ் வேலை தேடிக்கொண்டான். மிட்டாய்களை வரிசையாக அடுக்கும் ஓர் ஆப். அதை ஆடும் குழந்தை எத்தனையாவது மிட்டாயில் இருக்கும்போது விளம்பரத்தைக் காட்டினால் கையை எடுக்காது என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. கோந்த்வாவில் ஒரு ஃப்ளாட் பார்த்தான். போபோடி அறையைக் காலி செய்யும் அன்று உதவிக்குப் பார்கவியும் ராம்பிரசாத்தும் போனார்கள். சாமான்களை ஏற்றிக்கொண்டு டெம்போ கிளம்பியது. அறையில் அம்ருதா ஒட்டியிருந்த படங்களின் டேப் அடையாளம் மட்டும் சுவரில் இருந்தது.

“இப்போ சொல்லுங்கோ,” என்றாள் பார்கவி புருஷனிடம். “இன்னிக்கும் சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்.”

ஷ்ரேயஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“உன் கேம் நன்னா இருந்தது,” என்றான் ராம்பிரசாத். “முதல்ல நீ கொண்டு வந்தியே, அது. க்ரிஃபின் கிங்ஸைவிட நன்னா இருந்தது. நான் பாத்ததுலயே அதுதான் பெஸ்ட். வீடியோல நான் சொன்னது பொய்.”

ஷ்ரேயஸ் அக்காவிடம் திரும்பினான்.

“நீ சொல்லச் சொன்னியா?”

“ஆமாம்டா, ஆனா அவர் சொல்றது…”

“அதான் பாத்தேன்.” அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. அதுதான் பார்க்க முடியாததாக இருந்தது. “எனக்கு ஒண்ணும் ஆகலை அக்கா. நல்ல வேலை, நல்ல சம்பளம். என்னைப் பத்திக் கவலைப்படாதே.”

“இல்லடா,” ராம்பிரசாத் அவன் கையைப் பிடித்தான். “அந்த வில்லாளிகள் திரும்பி வந்து கதவைத் திறந்துவிட்டப்போ நான் கத்தினேன். உங்க அக்காவைக் கேளு. ரெண்டு நாள் ஆபீஸ் போகலை. என்னால முடியாததை நீ செஞ்சுட்டே. அது எனக்குப் பொறுக்கலை. ஊரும் கிண்டல் பண்ணித்து. அதான் அப்படிச் சொன்னேன்.”

“அத்திம்பேர்.” ஷ்ரேயஸ் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டான். “அந்த பிரேசில்காரன் கெஞ்சினப்பவே நீங்க விட்டுக்கொடுக்கலை. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? கேமரா முன்னாடி நீங்க பொய் சொல்ல மாட்டேள். இப்போதான் சொல்றேள். எனக்காகச் சொல்றேள். புரியறது.”

“சத்தியமா சொல்றேன்டா!”

“போதும்!” முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. “குப்பைன்னு சொன்னேள், தாங்கிண்டேன். அதுல இருந்து ஏதோ கத்துண்டேன்னு நினைச்சுண்டிருக்கேன். பரிதாபப்படாதீங்கோ. அதை மட்டும் தாங்க முடியலை.”

அவன் சாவியைக் கீழே பேக்கரியில் கொடுக்கப் போனான். பார்கவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராம்பிரசாத் அவளிடம் ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் கேமரா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். துர்க்கின் முதல் பதிப்பு ஏன் பெரிய விஷயம், தான் ஏன் பொய் சொன்னான், தன் பேச்சைக் கேட்டு அது எப்படிக் கெட்டது, எல்லாம். அவன் இதுவரை செய்ததிலேயே நேர்மையான வீடியோ அது. அரைமணிக்குள் கீழே எழுதத் தொடங்கிவிட்டார்கள். ‘வீட்டில் சோறு கிடைக்கவில்லை போல.’ ‘பீவி கா ஆர்டர், பெண்டாட்டி உத்தரவு.’ ‘ஜட்ஜ் சாப், உங்கள் தலையில் துப்பாக்கி வைத்திருப்பது யார்? கண்ணைச் சிமிட்டிச் சொல்லுங்கள்.’ ஒருவர்கூட நம்பவில்லை.

மத்தியானம் ஷ்ரேயஸ் கூப்பிட்டான்.

“அத்திம்பேர், அதை எடுத்துடுங்கோ.”

“நான் உண்மையைத்தானேடா…”

“என் ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டா. நானே உங்களை மிரட்டிப் பேச வச்சேன்னு சிரிக்கறா. மேனேஜர் கூப்பிட்டுக் கேக்கறார். ப்ளீஸ். என் பேரை இனிமே எடுக்காதீங்கோ. நல்லதுக்கும் வேண்டாம், கெட்டதுக்கும் வேண்டாம்.”

ராம்பிரசாத் எடுத்துவிட்டான். பச்சை வாளி வீடியோ மட்டும் அப்படியே இருந்தது. அதையும் எடுக்கப் போனபோது பார்கவி தடுத்தாள்.

“அது இருக்கட்டும். அதை எடுத்தா அவன் பேரு மறுபடியும் அடிபடும்.”

“அப்போ நான் என்னதான் பண்றது?”

“எனக்குத் தெரியாது. அடுத்த வாரத்துக்கு ஏதாவது வந்திருக்குமே. அதைப் பண்ணுங்கோ.”

வந்திருந்தது. நாசிக்கிலிருந்து இரண்டு பேர் அனுப்பியிருந்தார்கள். முறை வைத்து ஆடும் விளையாட்டு. கடலுக்கு அடியில் ஒரு ராஜ்யம். ராம்பிரசாத் செவ்வாய்க்கிழமை மாலை அதைத் திறந்தான். இடது பக்கம் க்ரிஃபின் கிங்ஸ் ஓடியது. வலது பக்கம் மீன்முக வீரர்கள் வரிசையில் நின்றார்கள். அவன் நகர்த்தினான். எதிராளி நகர்த்தினான். மறுபடி அவன் நகர்த்தினான். ஒரு மணி நேரம் கழிந்த பிறகும் அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று தோன்றிய உடனே, யாருக்காக அப்படித் தோன்றுகிறது என்ற கேள்வி வந்தது. இல்லை என்று தோன்றினாலும் அதே கேள்விதான்.

பார்கவி காபியைக் கொண்டு வந்து வைத்தாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.